எடை குறைப்பு அறுவைசிகிச்சை: ஆபரேஷனுக்குப் பிறகு தட்டில் என்ன மாற வேண்டும்?

கல்யாணப் பந்தியில் இலை நிறைந்துவிட்டது. எடை குறைப்பு அறுவைசிகிச்சை செய்து நான்கு மாதம் ஆன ஒரு பெண், கொஞ்சம் பருப்பும் இரண்டு வாய் கூட்டும் சாப்பிட்டதும் நிறுத்திக்கொள்கிறார். "அவ்ளோதானா? சாம்பாரே இன்னும் வரலையே, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடும்மா" என்கிறார் பக்கத்து இலையில் இருக்கும் சித்தி. "அவதான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாளே, இனிமே எதைச் சாப்பிட்டாலும் உடம்பு ஏறாது" என்கிறார் எதிரே உட்கார்ந்திருப்பவர்.

இரண்டையும் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால், இரண்டுமே தப்பு. அந்த 'இன்னும் ரெண்டு வாய்' வாந்தியில் முடியலாம். 'எதைச் சாப்பிட்டாலும் ஏறாது' என்ற நம்பிக்கை, சில ஆண்டுகளில் இறங்கிய எடையைத் திரும்பக் கொண்டுவரலாம்.

இந்த அறுவைசிகிச்சை செய்துகொள்வோர் ஆஸ்பத்திரியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள்தான். மீதி எல்லாம் வீட்டுச் சமையலறையில் நடக்கிறது. எதை, எவ்வளவு, எந்த வரிசையில் சாப்பிட வேண்டும்? எந்த அறிகுறியை 'சகஜம்தான்' என்று விடலாம், எதை விடவே கூடாது? வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

வயிற்றுக்குள் என்ன மாறுகிறது?

அதிகம் செய்யப்படுபவை இரண்டு வகை. ஒன்று, ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. இதில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுக்கப்படும். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். வெட்டிய பகுதியைத் திரும்ப வைக்க முடியாது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' ஹார்மோன் அதிகம் சுரக்கும் இடமும் அந்தப் பகுதிதான். அதனால் முதல் சில மாதங்களில் பலருக்குப் பசியே தெரியாது.

இரண்டாவது, கேஸ்ட்ரிக் பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. மட்டுமே கொள்ளும் சின்னப் பை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைப்பார்கள். சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு உணவு போகாது. இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்தத் தொடக்கப் பகுதியில்தான். பின்னால் வரும் சத்துக்குறைபாடுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல்தான் நீண்டகாலம் உலகம் முழுக்கப் பின்பற்றப்பட்டது. பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது சர்க்கரை நோய் போன்ற பிரச்சினைகளோடு 35-க்கு மேல் இருந்தால்தான் அறுவைசிகிச்சை. 2022-ல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் இதைத் தளர்த்தின. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-ல் இருந்தே இதைப் பரிசீலிக்கலாம் என்றன. அதாவது, முன்பு இந்தச் சிகிச்சைக்குத் தகுதி பெறாத பலர் இப்போது தகுதி பெறுகிறார்கள்.

முதல் இரண்டு மாதம்: தண்ணீரில் தொடங்கி சாதம் வரை

உள்ளே போட்ட தையல் ஆற நேரம் வேண்டும். அதனால்தான் உணவு படிப்படியாக மாறுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாள் கணக்கு கொஞ்சம் மாறும். பொதுவான வரிசை இதுதான்.

- முதல் ஓரிரு நாள்: தண்ணீர், வடிகட்டிய சூப், காரம் குறைத்த தெளிவான ரசம். ஒரே மூச்சில் குடிக்காமல், சின்னச் சின்ன மடக்காக.
- இரண்டு வாரம் வரை: கொழுப்பு நீக்கிய பால், நீர்மோர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பானம்.
- மூன்றாவது, நான்காவது வாரம்: குழைய வேகவைத்து மசித்த பருப்பு, மசித்த காய், கெட்டித் தயிர், மிருதுவாக மசித்த முட்டை.
- ஐந்தாவது, ஆறாவது வாரம்: மென்மையான திட உணவு. முள் நீக்கிய மீன், பனீர், வெந்த காய்கறி, நன்றாக ஊறிய சின்ன இட்லித் துண்டு.
- அதன் பிறகு: வழக்கமான வீட்டுச் சாப்பாடு, ஒவ்வொரு புதிய உணவாக.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, ஒரு தோசை சாப்பிட்டா என்ன?" என்று இரண்டாவது வாரத்திலேயே தோன்றும். வெளியே தழும்பு காய்ந்துவிட்டது என்பதற்காக உள்ளேயும் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காமல் இருப்பது முக்கியம்.

முதலில் புரோட்டீன், கடைசியில்தான் சாதம்

நம் சாப்பாட்டில் சாதம்தான் நடுவில் உட்காரும். குழம்பும் பொரியலும் அதற்குத் துணை. அறுவைசிகிச்சைக்குப் பிறகு இந்த வரிசை தலைகீழாக வேண்டும். ஒரு வேளைக்கு அரை கப், முக்கால் கப்தான் உள்ளே போகும் என்றால், அதை முதலில் சாதத்தால் நிரப்பிவிட்டால் வேறு எதற்கும் இடம் இருக்காது.

எடை வேகமாகக் குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரைகிறது. அதைத் தடுக்கத்தான் புரோட்டீன். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம், பலருக்கு 80 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. சொல்வது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிரமம் புரியும்.

ஒரு இட்லியில் இருக்கும் புரோட்டீன் சுமார் 2 கிராம். 100 கிராம் சாதத்தில் இரண்டரை கிராம் அளவுக்குத்தான். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். ஆக, இரண்டு முட்டை, 100 கிராம் மீன், அரை லிட்டர் பாலும் தயிரும், ஒரு சின்னக் கிண்ணம் கெட்டிப் பருப்பு என்றால் 55 கிராம் வரை வந்துவிடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குத்தான் திண்டாட்டம். அரை லிட்டர் பாலும் தயிரும் சேர்த்து 16 கிராம், 50 கிராம் பனீரில் 9, கெட்டிப் பருப்பில் 7, ஒரு கைப்பிடி சுண்டலில் 4. மொத்தமே 36 கிராம்தான் ஆகிறது. மீதியைச் சாப்பாட்டிலேயே எடுக்க வேண்டுமென்றால் வயிற்றில் இடம் கிடையாது. டயட்டீஷியன்கள் புரோட்டீன் பவுடர் எழுதிக்கொடுப்பது இதனால்தான். அது ஜிம்முக்குப் போகிறவர்களுக்கான சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

என்ன சாப்பிடுகிறோம் என்பது பாதிதான். எப்படிச் சாப்பிடுகிறோம் என்பது மீதிப் பாதி.

ஒரு வாய் உணவை இருபது, முப்பது முறை மென்று கூழாக்கிய பிறகே விழுங்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். குழைந்த வெள்ளைச் சாதம், பிரெட், பரோட்டா, நார் நாராக இருக்கும் ஆட்டுக்கறி ஆகியவை உருண்டு திரண்டு அடைத்துக்கொள்ளும். நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்ததுபோல வலி வந்து, வாயில் எச்சில் ஊறி, கடைசியில் வாந்தியாக வெளியே வரும்.

அடுத்தது, தண்ணீர். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிப்பது, ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்பது, கடைசியில் மோர் ஊற்றி முடிப்பது எல்லாம் நமக்குப் பழக்கம். இப்போது அது ஆகாது. தண்ணீர் இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே போன உணவையும் சீக்கிரம் கீழே தள்ளிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். அதற்காகத் தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும் என்பதால், பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சோடா, கோலா போன்ற கேஸ் நிறைந்த பானங்களுக்கு இடமில்லை.

'போதும்' என்ற உணர்வும் மாறிவிடும். சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் நீர் வரும், சிலருக்கு நெஞ்சில் லேசான அழுத்தம் தெரியும். அதுதான் நிறுத்த வேண்டிய இடம். தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவர்களுக்கு இது பெரிய சோதனை. சின்னத் தட்டு, சின்னக் கரண்டி என்று மாறுவதும், முதலிலேயே குறைவாகப் பரிமாறுவதும் உதவும்.

பாயசம் குடித்தால் ஏன் படபடக்கிறது?

முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இனிப்பு அதிகம் உள்ள உணவு இரைப்பையில் தங்காமல் நேராகச் சிறுகுடலுக்குள் கொட்டும். இதற்கு 'டம்பிங்' என்று பெயர். சாப்பிட்ட பத்து நிமிடத்தில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, வயிற்றுப்போக்கு வரும்.

இன்னொரு வகை, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். இனிப்பால் திடீரென ஏறிய சர்க்கரையைச் சமாளிக்க உடல் இன்சுலினை அதிகமாகச் சுரந்துவிட, சர்க்கரை அளவு தடாலென்று கீழே இறங்கும். கை நடுங்கும், தலை சுற்றும், மயக்கம்கூட வரலாம். அந்த நேரத்தில் இன்னொரு லட்டு சாப்பிட்டால் அந்தச் சுழற்சி மறுபடி தொடங்கும். அடிக்கடி இப்படி வந்தால் டாக்டரிடம் சொல்லி உணவு முறையை மாற்ற வேண்டும்.

சர்க்கரை, பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. அறுவைசிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை அளவு இறங்கத் தொடங்கலாம். பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ எடுத்தால் ஆபத்து. அளவை டாக்டர்தான் குறைக்க வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

'குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்': கவனம் தேவைப்படும் இடம்

வீடுகளில் அதிகம் தவறவிடப்படக்கூடிய ஆபத்து இதுதான். அவசரமாகச் சாப்பிட்டு ஒரு முறை வாந்தி வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால், நாள்கணக்கில் வாந்தி தொடர்ந்தால், 'வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு, அப்படித்தான் இருக்கும்' என்று விடக் கூடாது.

காரணம், வைட்டமின் பி1 எனப்படும் தயமின். உடலில் இதன் இருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் வரும். ஏற்கெனவே சாப்பாடு குறைவு, அதுவும் வாந்தியில் போய்விடுகிறது என்றால் இருப்பு வேகமாகக் காலியாகும். அப்போது பாதிக்கப்படுவது நரம்பும் மூளையும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பொருட்கள் இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம், ஞாபக மறதி ஆகியவை அறிகுறிகள். உடனே தயமின் ஊசி போட்டால் மீட்கலாம். தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பாக மாறலாம்.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. உடம்பு சோர்ந்தால் தெருமுனை கிளினிக்குக்குப் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. குளுக்கோஸைச் சக்தியாக மாற்ற உடலுக்குத் தயமின் வேண்டும். இருப்பு காலியான நிலையில் தயமின் தராமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகலாம். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், எந்த ஊரில் போனாலும், முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை: "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கு." மயங்கிய நிலையில் இருந்தால் அதைச் சொல்ல வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மாத்திரை எத்தனை நாளைக்கு?

வாழ்நாள் முழுக்க. எடை குறைந்து, உடம்பு தெம்பாகிவிட்டது என்று இரண்டாவது ஆண்டில் நிறுத்திவிடுவது பெரிய தவறு.

- வைட்டமின் பி12: கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, ஆண்டுகள் கழித்துக் கை கால் மரத்துப்போதல், ரத்தசோகையாக வெளிப்படும். தினசரி மாத்திரை அல்லது மாதம் ஒரு ஊசி.
- கால்சியம்: உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மி.கி. வயிற்று அமிலம் குறைந்திருப்பதால் 'கால்சியம் சிட்ரேட்' வகை நன்றாக உறிஞ்சப்படும். கூடவே வைட்டமின் டி.
- இரும்புச்சத்து: மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 45 முதல் 60 மி.கி. வரை தேவைப்படும்.

இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. இடையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். டீ, காபியோடும் இரும்பு மாத்திரை சேராது. ரத்தப் பரிசோதனை முதல் ஆண்டில் சில முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் அவசியம்.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை, முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, குடலை இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் "கால் வலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்குவதை நிறுத்திவிட வேண்டும். புகைபிடிப்பதும் அதே புண்ணுக்கு வழி.

முடி கொட்டுகிறது, தோல் தொங்குகிறது...

மூன்றாவது, நான்காவது மாதத்தில் சீப்பு நிறைய முடி வரும். உடல் எடை வேகமாகக் குறைவதன் விளைவு இது. புரோட்டீனும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப வளர்ந்துவிடும்.

வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். அதைத் தடுக்கப் பலருக்கு முதல் ஆறு மாதம் மாத்திரை தரப்படுகிறது. ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கு நெஞ்செரிச்சல் புதிதாக வரலாம்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். தாயின் உடலே சத்துக்குத் தவிக்கும் காலம் அது. கருத்தடை மாத்திரை முன்புபோல உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால், வேறு முறை பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மது விஷயத்தில் பழைய கணக்கு செல்லாது. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் சீக்கிரம் ஏறும், அதிகமாகவும் ஏறும். பைபாஸ் செய்தவர்களிடம் இரண்டாவது ஆண்டில் இருந்து மதுப் பழக்கப் பிரச்சினை அதிகரிப்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2012-ல் பதிவு செய்தது.

மனசும் இதில் உண்டு. கவலை வந்தால் ஒரு பொட்டலம் மிக்சர், சந்தோஷம் வந்தால் பிரியாணி என்று இருந்தவர்களுக்கு, அந்தத் துணை திடீரென இல்லாமல் போகிறது. கண்ணாடியில் தெரியும் தொங்கும் தோல் ஏமாற்றம் தரலாம். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாத உணர்வு நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

எடை மறுபடி ஏறுமா?

கொஞ்சம் ஏறும், அது இயல்பு. 1987-ல் ஸ்வீடனில் தொடங்கி, 4,047 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பைபாஸ் செய்தவர்களின் எடை முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 சதவீதம் குறைந்திருந்தது. பத்து ஆண்டு முடிவில் அது 25 சதவீதமாக நின்றது. அதாவது, கொஞ்சம் திரும்பினாலும் பெரும்பகுதி நிலைத்தது. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதமும் குறைவாக இருந்தது.

இது சராசரிதான். பழைய எடையை நெருங்குபவர்களும் உண்டு. முதல் ஆண்டில் பசி குறைவாக இருக்கும். எடை தன்னால் இறங்குவதுபோலத் தெரியும். பிறகு பசி மெல்லத் திரும்பும், ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவும் கூடும். அந்த முதல் ஆண்டில் பழகிய பழக்கம்தான் பின்னால் காப்பாற்றும்.

சறுக்கும் இடம் பெரும்பாலும் விருந்து கிடையாது, நொறுக்குத் தீனிதான். கோழிக்கறி நாலு துண்டில் வயிறு நிறைந்துவிடும். டீயில் தோய்த்த பிஸ்கட், முறுக்கு, சிப்ஸ், ஐஸ்கிரீம் போன்றவை கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. டிவி பார்த்தபடி சாயங்காலம் முழுக்கக் கொறித்தால், சின்ன வயிற்றுக்குள்ளும் பெரிய கலோரி போய்விடும். நேரத்துக்குச் சாப்பிடுவது, தினமும் நடப்பது, டாக்டர் அனுமதித்த பிறகு தசைக்கான பயிற்சி செய்வது ஆகியவைதான் இதற்குத் தடுப்பு.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

- முதல் சில வாரங்களில் காய்ச்சல், ஓய்வில் இருக்கும்போதே வேகமான இதயத் துடிப்பு, கடுமையான வயிற்றுவலி, தோள்பட்டை வலி. தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம்.
- திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி. ரத்தக்கட்டி காரணமாக இருக்கலாம்.
- தண்ணீர்கூட உள்ளே நிற்காத வாந்தி.
- கறுப்பு நிற மலம், ரத்த வாந்தி.
- தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம்.
- ஆண்டுகள் கழிந்தும், பைபாஸ் செய்தவருக்கு விட்டுவிட்டு வரும் கடுமையான வயிற்றுவலி. குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஒருவருக்காகத் தனிச் சமையல் தேவையில்லை. சாம்பாரில் இருந்து கெட்டிப் பருப்பை முதலில் எடுத்து வைப்பது, குழம்பு மீனைக் காரம் குறைத்து இரண்டு துண்டு தனியாக வேகவைப்பது, தயிரைக் கெட்டியாக வைப்பது போதும். டிபன் பாக்ஸ் சின்னதாக இருந்தாலும் மூன்று வேளையும் நேரம் தவறாமல் இருக்க வேண்டும். எடையைத் தினமும் விசாரிப்பதைவிட, "இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பது உதவி.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும் முன் எழுவது மரியாதை இல்லை என்பார்கள். எழ வேண்டாம். அந்தச் சித்தி செய்ய வேண்டியது ஒன்றுதான். பரிமாற வருபவரிடம் "இந்த இலைக்குப் போதும்பா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து பேச்சைத் தொடரலாம்.